பூவில் தெளித்தது போகாது: கஞ்சா சாகுபடி சொல்லும் பாடம்

கட்டுப்படுத்தப்பட்ட கஞ்சா சாகுபடிக்கு வழிவகுக்கும் குழு அறிக்கையை இமாச்சலப் பிரதேச சட்டப்பேரவை 2024 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும் இதற்கான முன்னோடி ஆய்வை நடத்த 2025 ஜனவரியில் அம்மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உத்தராகண்டில், போதை தரும் வேதிப்பொருள் 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லாத நார் ரகங்களைப் பயிரிட 2018 முதலே உரிமம் தரப்படுகிறது. மருந்துக்காக இப்பயிரை வளர்க்கும் ஆராய்ச்சி ஜம்முவில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தில் நடக்கிறது.

வருமானம், சட்டம், போதைப் பழக்கம் என்று பல கோணங்களில் இது விவாதிக்கப்படுகிறது. ஒரு கேள்வி மட்டும் போதிய கவனம் பெறவில்லை. இந்தப் பயிரில் பூச்சி விழுந்தால் எதைத் தெளிப்பது? அதிலும் பூத்த பிறகு விழுந்தால்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள்தான் 'கஞ்சா'. தமிழ்நாட்டில் இதைப் பயிரிடுவது குற்றம். எனவே இது சாகுபடிக் குறிப்பு அல்ல. உரிமத்துடன் வளர்க்கும் நாடுகள் பட்ட அனுபவத்தில், வேறு பூக்களை விளைவிக்கும் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

பூவே விளைபொருள்

தக்காளியில் மருந்து தெளித்தால் பூ உதிர்ந்து, காய் பிடித்து, பழுத்து, கழுவப்பட்ட பிறகே சமையலறைக்குப் போகிறது. இடையில் வெயிலும் மழையும் நாட்களும் நஞ்சின் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். மருந்துக் கஞ்சாவில் விளைபொருளே பூதான். அதைக் கழுவ முடியாது. காயவைத்து, பொடித்து, நோயாளி புகையாகவோ ஆவியாகவோ உள்ளிழுக்கிறார். பூவின் மேற்பரப்பு முழுவதும் பிசின் சுரக்கும் நுண்ணிய முடிகள் இருப்பதால், எண்ணெய்ப் பசையுள்ள எந்த மருந்தும் அதில் ஒட்டிக்கொள்ளும். பூவிலிருந்து சாறு பிரிக்கும்போது மருந்துப் பொருளோடு நஞ்சும் சேர்ந்து செறிவாகும்.

உணவில் வரும் நஞ்சை வயிறும் கல்லீரலும் ஓரளவு வடிகட்டுகின்றன. நுரையீரலில் அந்த வடிகட்டல் இல்லை. 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வடிகட்டி இல்லாத குழாயில் புகைத்தபோது பூவில் இருந்த பூச்சிக்கொல்லியில் ஏறத்தாழ 70 சதவீதம் வரை புகையோடு வந்தது தெரிந்தது. திராட்சையில் சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் மைக்ளோபுட்டனில் என்ற பூஞ்சாணக்கொல்லி, தீயில் சிதையும்போது ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய வாயுவை வெளியிடக்கூடியது. திராட்சைக்கு வரம்புக்குள் இருக்கும் மருந்து, புகைக்கும் பொருளில் வேறு கணக்காகிவிடுகிறது.

சட்டம் முந்தியது, லேபிள் பிந்தியது

கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரியில் சில்லறை விற்பனை தொடங்கியது. ஆனால் அமெரிக்காவில் பூச்சிமருந்துகளைப் பதிவு செய்வது மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மத்திய சட்டப்படி பயிரே தடை செய்யப்பட்டிருந்ததால், ஒரு மருந்தின் லேபிளில்கூட இந்தப் பயிரின் பெயர் இடம்பெறவில்லை. விவசாயிக்குச் சிலந்தியும் சாம்பல் நோயும் காத்திருக்குமா? கையில் கிடைத்ததைத் தெளித்தார்கள். 2015-ல் டென்வர் நகர நிர்வாகம் பல்லாயிரக்கணக்கான செடிகளை முடக்கி வைத்தது. அனுமதியற்ற பூச்சிமருந்து கலந்த கஞ்சா பொதுமக்கள் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று அந்த ஆண்டு நவம்பரில் ஆளுநரே ஆணை பிறப்பித்தார்.

அதன் பிறகே மாநிலங்கள் விழித்தன. ஓரிகான் 59 பூச்சிமருந்துகளுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. கலிபோர்னியா 66 மருந்துகளைப் பட்டியலிட்டது. அவற்றில் 21 மருந்துகளின் எச்சம் ஆய்வில் தென்பட்டாலே சரக்கு நிராகரிக்கப்படும்.

கனடாவில் நடந்தது இன்னும் வேதனையானது. 2016-ன் இறுதியிலும் 2017-ன் தொடக்கத்திலும் மருந்துக் கஞ்சா பலமுறை திரும்பப் பெறப்பட்டது. காரணம் மைக்ளோபுட்டனில். அதை வாங்கியவர்கள் நோயாளிகள். திரும்பப் பெற்ற நிறுவனங்களில் ஒன்று, இயற்கை விளைபொருள் சான்று பெற்றிருந்த நிறுவனம். 2019 ஜனவரியிலிருந்து அந்நாடு தொண்ணூறுக்கும் மேற்பட்ட மருந்துகளுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது.

'இயற்கை' என்றால் எதையும் தெளிக்கலாமா?

ரசாயனம் வேண்டாம் என்றானதும் எல்லோரும் இயற்கை மருந்துகளின் பக்கம் திரும்பினார்கள். 2019 டிசம்பரில் நார் ரகக் கஞ்சாவுக்கு அமெரிக்க முகமை முதன்முதலாக அனுமதித்த 10 மருந்துகளில் ஒன்பது உயிரியல் மருந்துகள். வேப்பெண்ணெயும் வேம்பின் அசாடிராக்டினும் அவற்றில் உண்டு. நம் வேம்புக்கு இது பெருமைதான்.

ஆனால் பூத்த பிறகு வேப்பெண்ணெய் தெளித்தால், எண்ணெய் பிசினோடு கலந்து பூவிலேயே தங்கிவிடும். மணமும் கசப்பும் போகாது. கனடாவில் வேப்பெண்ணெய் பூச்சிமருந்தாகப் பதிவு செய்யப்படாததால் அங்கே அதைத் தெளிக்கவே அனுமதியில்லை. கந்தகத் தூளும் அப்படித்தான். வளர்ச்சிப் பருவத்தில் சாம்பல் நோய்க்கு நல்ல மருந்து, பூவில் படிந்தால் பூவே வீண்.

உயிரி மருந்துகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பவேரியா, டிரைக்கோடெர்மா, பேசில்லஸ் ஆகியவை உயிருள்ள நுண்ணுயிர்கள். பூவில் தெளித்தால், நஞ்சுச் சோதனையில் தேறிய சரக்கு நுண்ணுயிர் எண்ணிக்கைச் சோதனையில் தோற்கலாம். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய புற்றுநோயாளி உள்ளிழுக்கும் பொருள் என்பதால் அந்தச் சோதனையைத் தளர்த்தவும் முடியாது. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் நான்கு இனங்களைக் கலிபோர்னியா தனியாகவே தேடுகிறது. சாணமும் கோமியமும் சேர்ந்த கரைசல்களைப் பூவின் மேல் தெளிக்க நினைப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல் போலி. இலவங்கப்பட்டை எண்ணெயும் சிட்ரிக் அமிலமும் மட்டுமே உள்ளதாக லேபிள் சொன்ன ஒரு சிலந்தி மருந்தில், அபாமெக்டின் என்ற ரசாயனம் கலந்திருப்பதை ஓரிகான் வேளாண் துறை கண்டறிந்து 2016-ல் விற்பனையை நிறுத்தியது. அதை நம்பி வாங்கிய விவசாயி தன்னை இயற்கை விவசாயி என்றே நினைத்திருப்பார்.

பூக்கும் முன்பே முடிய வேண்டிய வேலை

அப்படியானால் வழி என்ன? அடிபட்டுக் கற்றவர்கள் வந்து சேர்ந்த முடிவு எளியது. பூத்த பிறகு தெளிப்பதை ஏறக்குறைய மறந்துவிட வேண்டும். பூச்சிக் கட்டுப்பாட்டை அதற்கு முன்பே முடிக்க வேண்டும்.

தாய்ச்செடியும் நாற்றும் சுத்தமாக இருப்பது முதல் படி. புதிய நாற்றுகளைத் தனியே வைத்துக் கண்காணிக்கிறார்கள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதும் மஞ்சள், நீல ஒட்டும் அட்டைகளில் விழும் பூச்சிகளை எண்ணுவதும் வாராந்திர வேலை.

அடுத்தது இரைவிழுங்கிகள். இரு புள்ளிச் சிலந்தியைத் தின்னும் பைட்டோசீயுலஸ் என்ற இரைவிழுங்கிச் சிலந்தி மிக வேகமானது. ஆனால் அதன் முட்டை பொரிக்க 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும். பூக்கும் கூடத்திலோ சாம்பல் பூஞ்சணத்துக்குப் பயந்து ஈரப்பதத்தைக் குறைத்து வைப்பார்கள். அதனால் வறட்சியைத் தாங்கும் நியோசீயுலஸ் கலிபோர்னிகஸ் அங்கே பொருத்தம். இலைப்பேனுக்கு நல்ல எதிரியான ஓரியஸ் நாவாய்ப்பூச்சியின் சில இனங்கள், பூக்கவைக்கத் தரும் 12 மணி நேர ஒளியில் உறக்கநிலைக்குப் போய்விடுகின்றன. பிசின் முடிகளில் இந்தச் சிறு உயிர்களால் எளிதாக நடக்கவும் முடியாது. எனவே இரைவிழுங்கிகளையும் பூக்கும் முன்பே விட்டுப் பெருகவைக்க வேண்டும்.

இமாச்சலத்தில் போல திறந்த வெளியில் பயிரிட்டால் கவனிக்க வேண்டியது மொட்டைத் துளைக்கும் புழு. அமெரிக்க வயல்களில் இதைச் செய்வது, நம் பருத்தி, துவரையைத் தாக்கும் பச்சைக் காய்ப்புழுவின் நெருங்கிய உறவு. புழு தின்ற இடத்தில் எச்சமும் ஈரமும் சேர்ந்து பூஞ்சணம் பிடிக்கிறது. பி.டி. பாக்டீரியாவும் என்.பி.வி. வைரஸும் புழுக்களை மட்டுமே தாக்குபவை என்பதால் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானவை. ஆனால் புழு மொட்டுக்குள் நுழைந்த பிறகு அவற்றாலும் பயனில்லை. முட்டையையும் இளம்புழுவையும் பார்த்து முன்கூட்டியே தெளிக்க வேண்டும்.

நமக்கு என்ன?

இமாச்சலம் செய்ய வேண்டியது தெளிவு. உரிமம் வழங்கும் முன்பே, எந்தப் பருவத்தில் எந்த மருந்தை அனுமதிப்பது என்ற பட்டியலும், நஞ்சு எச்ச வரம்பும், சோதனைக்கூடமும் தயாராக வேண்டும். முன்னோடி ஆய்வில் விளைச்சலை மட்டும் அளந்துவிட்டு இதைத் தள்ளிப்போட்டால், கொலராடோவின் 2015 இங்கேயும் வரும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் சேதி உண்டு. நம் நாட்டிலும் பூச்சிமருந்து பயிர்வாரியாகத்தான் பதிவாகிறது. சிறு பயிர்கள் பலவற்றுக்குப் பதிவான மருந்துகள் மிகக் குறைவு. அதனால் பக்கத்து வயலில் கேட்டதையோ கடைக்காரர் சொன்னதையோ விவசாயி தெளிக்கிறார். அமெரிக்காவில் சட்டச் சிக்கலால் வந்த வெற்றிடம், இங்கே கவனக்குறைவால் வந்திருக்கிறது.

மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் பூவே விளைபொருள். கழுவாமலே தலையில் ஏறுகிறது. சீசனில் அன்றாடம் பறிப்பதால், தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே காத்திருக்க நாளே இல்லை. மொட்டுப்புழுவுக்கு மாலையில் தெளித்த மருந்தை, விடியலில் பறிக்கும் பெண்களின் விரல்கள்தான் முதலில் தொடுகின்றன. அங்கேயும் உரிய காலத்தில் கவாத்து, தாக்கிய மொட்டுகளைச் சேகரித்து அழித்தல், விளக்குப்பொறி, சீசனுக்கு முன்பே தொடங்கும் கண்காணிப்பு ஆகியவைதான் முதல் மருந்து. தெளிப்பான் கடைசியாக வர வேண்டும்.

உயிரி மருந்து வாங்கும்போது பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றைப் பாருங்கள், ரசீது கேளுங்கள். 'இயற்கை' என்று எழுதிய மருந்து ஒரே நாளில் எல்லாப் பூச்சியையும் கொன்றால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். ஒரு மாதிரியை வேளாண் அலுவலரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.