உயில் எழுதாத தகப்பன்



சில ஆண்டுகளுக்கு முன் நம் மல்லாபூரில் ஒரு சகோதரர் திடீரென மரித்துப்போனார். நாச்சாரம் தொழிற்பேட்டையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு சிறு மனை வாங்கி வைத்திருந்தார். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். கடனை அடைப்பதற்காக அவருடைய மனைவி அந்த மனையை விற்கப் போனபோது, வாங்க வந்தவரின் வழக்கறிஞர், "அம்மா, இதில் மூன்றில் ஒரு பங்குதான் உங்களுடையது" என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது சரியே. நமக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். கணவன் உயில் எழுதாமல் மரித்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மற்ற இரண்டு பங்கும் பிள்ளைகளுக்கு, ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் சமமாய்ச் சேரும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் பங்கை விற்கவேண்டுமானால், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்படி நீதிமன்றத்தை அணுகவேண்டும். "பெற்ற தாய்க்குமா அனுமதி?" என்று அந்தச் சகோதரி அழுதார்கள். நானும் அன்று அப்படித்தான் எண்ணினேன்.

இக்கண்டிப்பு ஏன் என்பதைப் பின்னாளில் கொர்னேலியா சொராப்ஜி அம்மையாரின் வாழ்க்கையில் கண்டேன். கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட ஒரு பார்சி ஊழியரின் மகளாக 1866-இல் நாசிக்கில் பிறந்தவர். 1892-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதினார். பெண் என்பதால் பட்டம் 1922-இல்தான் கைக்கு வந்தது! வழக்காடவும் அனுமதியில்லை. ஆகிலும் 1904-இல் வங்காளத்தின் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' துறை அவரைச் சட்ட ஆலோசகராக நியமித்தது. பெயர் கோர்ட்டானாலும், அது சிறுவயது வாரிசுகளின் ஜமீன்களைப் பராமரித்த அரசுத் துறையே.

அந்தப்புரத்தைவிட்டு வெளியே வராத விதவைகள் அந்நிய ஆடவரான வழக்கறிஞரைக் காணமாட்டார்கள். காரியஸ்தனோ உறவினனோ நீட்டிய காகிதத்தில் கையொப்பமிட்டு, தங்கள் ஆஸ்தியையும் பிள்ளைகளின் ஆஸ்தியையும் இழந்தவர்கள் உண்டு. அவர்களிடத்தில் கொர்னேலியா அம்மையாரே நேரில் சென்றார். அவரால் உதவிபெற்ற பெண்களும் திக்கற்ற பிள்ளைகளும் அறுநூறுக்கும் அதிகம் என்பர். பிள்ளையின் ஆஸ்தியை அபகரிக்கிறவன் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தான். அதனால்தான் சட்டம் தாயிடத்திலும் கணக்குக் கேட்கிறது.

ஆகையால் தகப்பன்மாரே, உயில் எழுதுங்கள். பிள்ளைகளுக்குக் காப்பாளர் யார் என்பதையும் அதிலேயே நியமிக்கலாம். 60-ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. அப்பிரிவு தகப்பனை மாத்திரம் சொல்லித் தாயை விட்டுவிட்டது எனக்கு நியாயமாய்த் தோன்றவில்லை. இரண்டு சாட்சிகள் போதும். பதிவு செய்வது நல்லது, கட்டாயமில்லை. புரொபேட் வாங்காவிட்டால் உயில் செல்லாது என்று அநேகர் பயப்படுகிறார்கள். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அக்கட்டாயத்தை 2002-ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கிவிட்டது. இன்னொன்று: சாட்சிக் கையெழுத்துக்குப் போதகரை அழைக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அதே உயிலில் அவருக்கோ அவர் மனைவிக்கோ ஏதாவது எழுதினால் அது செல்லாது.

அந்தச் சகோதரிக்கு அனுமதி கிடைக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. பிள்ளைகளின் பங்குப் பணம் அவர்கள் பெயரிலேயே வங்கியில் வைக்கப்பட்டது. மூத்தவள் 18 வயதானதும் தன் பங்கை எடுத்துக் கல்லூரிக் கட்டணம் செலுத்தினாள்.