மார்கழி மணலில் ஒரு கேக்

மார்கழி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே அம்மா முற்றத்தில் முறமும் சல்லடையுமாக மணல் சலிக்க உட்கார்ந்துவிடுவாள். வீடு கட்டவா என்று கேட்காதீர்கள், சகோதரிகளே. கேக் சுடுவதற்கு!

நான் சொல்வது 1970-களின் தொடக்கம். அப்பாவுக்குச் செங்கல்பட்டு ஜங்ஷனில் குமாஸ்தா வேலை. ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு குடித்தனம். அடுத்த போர்ஷனில் கோவளத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் குடியிருந்தார். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கேக் கொண்டுவருவார். எங்கள் வீட்டில் முட்டை புழங்காது. அதனால் டீச்சர் வீட்டிலேயே உட்கார்ந்து தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வருவோம். அப்பாவுக்குத் தெரியாது என்று நினைப்பு! அம்மாதான் ஒருநாள் நேராகக் கேட்டுவிட்டாள்.

"முட்டை போடாம இது வராதா டீச்சர்?"

"ஏன் வராது? தயிரும் ஆப்ப சோடாவும் இருந்தாப் போதும்மா. மாவு தானா எழும்பி நிக்கும்."

சேர்மானம் சரி, அடுப்பு? அந்த நாளில் ஓவன் என்பதை நாங்கள் கண்ணால்கூடக் கண்டதில்லை. டீச்சர் சொல்லிக் கொடுத்ததுதான் மணல் அடுப்பு. கனமான பெரிய சட்டியில் நாலு விரற்கடை உயரத்துக்கு மணல். அதைக் குமுட்டி அடுப்பில் ஏற்றி நன்றாகக் காயவிட வேண்டும். நெய் தடவிய டிபன் காரியர் அடுக்கில் மாவை ஊற்றி மணல்மேல் வைத்து, தட்டால் மூடி, தட்டின்மேல் கங்குகளைப் பரப்ப வேண்டும். கீழே மணலின் சூடு, மேலே கங்கின் சூடு. நெருப்பு நேராகப் பாத்திரத்தின் அடியில் படுவதில்லை. மணல் மெதுவாகச் சூட்டை வாங்கி, மெதுவாகவே விடும். அதனால் அடி தீயாமல் நடுப்பாகம்வரை வேகும்.

மணல் பாலாற்று மணல். யாராவது ஆற்றுப் பக்கம் போனால் ஒரு பை சொல்லி வைப்பாள். கழுவி, வெயிலில் காய வைத்து, சலித்து, டால்டா டின்னில் போட்டு வைத்தால் வருஷக்கணக்கில் அதே மணல்தான். நாள் ஆக ஆகக் கறுத்துப்போகும், அவ்வளவுதான்.

கேக்கை இறக்கியதும் சட்டியை இறக்க மாட்டாள். மணல் சூட்டை வீணாக்குவாளா? தோலோடு இரண்டு கை வேர்க்கடலையைப் போட்டுக் கிளறுவாள். எங்கள் பக்கத்தில் கடலைக்குப் பஞ்சமில்லை. தோலில் கரும்புள்ளி விழுந்ததும் ஒன்றை உடைத்துத் தின்று பார்த்து, சல்லடையில் கொட்டினால் மணல் கீழே, கடலை மேலே. இங்கே ஒரு வார்த்தை. பூஞ்சை பிடித்த கடலை, சுருங்கிக் கறுத்த கடலை, கசக்கும் கடலை எதையும் 'வறுத்தால் சரியாகிவிடும்' என்று சேர்க்காதீர்கள். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வீட்டில் வறுக்கிற சூட்டுக்கு அது முழுவதும் போகாது. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு முழுக் கடலையும் வேண்டாம், புரை ஏறினால் ஆபத்து. பொடித்துக் கொடுங்கள்.

இனி எழுத வேண்டியதை இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்தில் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

1974 டிசம்பர். எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு நாலு. கேக் ஆயிற்று, கடலை ஆயிற்று. "மணல் ஆறினப்புறம் டின்ல கொட்டு. இப்பத் தொடாதே" என்று சொல்லிவிட்டு அம்மா மாடத்தில் விளக்கேற்றப் போனாள். தெருவில் பாண்டி ஆட என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பொறுமை ஏது? பழந்துணியால் சட்டியைப் பிடித்து, கிணற்றடி ஓரமாக மணலைக் கொட்டிவிட்டு ஓடினேன். தரையில் கொட்டினால் சீக்கிரம் ஆறிவிடும் என்பது என் சாமர்த்தியம்.

நெருப்பு என்றால் சிவப்பாக இருக்கும், கொதிக்கும் தண்ணீரில் ஆவி வரும். சுட்ட மணல் எப்படி இருக்கும்? மணல் மாதிரியேதான் இருக்கும். அந்தி வெளிச்சத்தில் தம்பி இரண்டு காலையும் அதில் வைத்துவிட்டான்.

கத்தல் கேட்டு நாலு குடித்தனமும் ஓடி வந்தது. ஒருவர் மசி ஊற்றினார், ஒருவர் இட்லி மாவைக் கொண்டுவந்து அப்பினார். ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மாவையும் மசியையும் கழுவி எடுக்கும்போது குழந்தை பட்ட வேதனை, சுட்டபோது பட்டதைவிட அதிகம். மூன்று வாரம் காலைக் கீழே ஊன்றவில்லை.

இளம் தாய்மார்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள். சுட்ட இடத்தை உடனே குழாய்த் தண்ணீரின் கீழே காட்டுங்கள். ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் அல்ல, முழுதாக 20 நிமிஷம். குழாய் இல்லையென்றால் செம்பு செம்பாக மொண்டு ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ் வேண்டாம். உடம்பின் மற்ற பாகம் குளிர்ந்து நடுங்காமல் துணியால் போர்த்துங்கள். வீக்கம் வருவதற்குள் கொலுசு, வளையல், கயிறு எது இருந்தாலும் கழற்றிவிடுங்கள். துணி ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். பற்பசை, வெண்ணெய், மாவு, மசி, எண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் கொண்டு போங்கள். குழந்தைக்கு முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் இவற்றில் சுட்டால் 'சின்னதுதானே' என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

அன்று ராத்திரி அப்பா கேட்டார்: "மணலை யார் கொட்டினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "நான்தான்" என்றாள்.

அப்பா பேசிய பேச்சையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், வெளியே வரவில்லை. மறுநாள் சட்டியும் டின்னும் பரணில் ஏறின. பிறகு அம்மா கேக் சுடவே இல்லை. 2009-இல் காலமாகும்வரை அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கல்யாணமாகி மாமல்லபுரம் வந்தேன். காலையில் கல் உளிச் சத்தம், ராத்திரியில் கடல் சத்தம். இங்கே மணலுக்கு என்ன குறை என்று ஒருமுறை ஆசைப்பட்டு, கடற்கரை மணலை அள்ளி வந்து அலுமினியச் சட்டியில் கேக் வைத்தேன். ஈர உப்பு அந்தச் சட்டியை இரண்டே மாதத்தில் அரித்து, ஊசி ஊசியாகப் பொத்தல் போட்டுவிட்டது. இவர் இன்றுவரை சிரிக்கிறார். கடல் மணல் வேண்டாம் என்பதை என் காசில் கற்றுக்கொண்டேன். ஆற்று மணலும் இப்போது லேசில் கிடைப்பதில்லை, பாலாற்றை அள்ளி அள்ளி ஆழமாக்கிவிட்டோம். அதற்குப் பதில் கல் உப்பு போதும். கோவளம், கேளம்பாக்கம் பக்கம் போகும்போது உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் உப்புக்கு இரும்புச் சட்டிதான். அதே உப்பைத் திரும்பத் திரும்ப கேக்குக்கு வைத்துக்கொள்ளலாம், சமையலில் போடக் கூடாது.

2022 டிசம்பர் 9. மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடக்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்களைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போகத் தம்பி மத்தியானமே வந்தான். இவர் அசையவில்லை. பேசிப் பேசியே பொழுது சாய்ந்து, காற்று வலுத்து, அவனும் எங்களோடு மாட்டிக்கொண்டான். சாயங்காலமே கரண்டு போயிற்று. மருமகள் வாங்கிக் கொடுத்த ஓவன் மூலையில் சும்மா நின்றது.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூன்று பேரும் எத்தனை நேரம் ஜன்னலையே பார்ப்பது? "அக்கா, அம்மா மணல்ல கேக் செய்வாங்களே, உனக்கு வருமா?" என்றான் தம்பி. ஐம்பத்திரண்டு வயது ஆள், பெரிய உத்தியோகம்! எழுந்து இரும்புச் சட்டியில் உப்பைக் கொட்டினேன்.

கேஸ் அடுப்பில்தான் வைத்தேன், அதுவும் சமையலறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு. மழைக்குப் பயந்து கதவெல்லாம் சாத்திய வீட்டுக்குள் கரி அடுப்பு மட்டும் ஒருநாளும் கூடாது. அந்தப் புகைக்கு நிறமோ வாசனையோ இல்லாத பகுதி ஒன்று உண்டு, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். பிரஷர் குக்கரையும் நான் இதற்கு எடுப்பதில்லை. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றினாலும், தண்ணீரில்லாத சூட்டில் மூடியிலுள்ள சேஃப்டி வால்வு கெட்டுப்போகலாம். மறுநாள் பருப்பு வேக வைக்கும்போதுதான் தெரியும்.

உப்பு 15 நிமிஷம் மிதமான தீயில் காயட்டும். அதற்குள், புளிக்காத கெட்டித் தயிர் 1 டம்ளர், பொடித்த சர்க்கரை 1 டம்ளர், இரண்டையும் சேர்த்துக் கரைய அடியுங்கள். ஆப்ப சோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன் போட்டுக் கலக்கி ஐந்து நிமிஷம் விடுங்கள். நுரைத்துப் பொங்கும். நுரைக்கவில்லையா? சோடா பழசு, மேலே போகாதீர்கள், மாவாவது மிஞ்சட்டும். நுரைத்தபின் உருக்கிய வெண்ணெயோ வாசனையில்லாத எண்ணெயோ அரை டம்ளர், நாலு ஏலக்காயின் பொடி, சிட்டிகை உப்பு. பிறகு முக்கால் டம்ளர் மைதாவையும் முக்கால் டம்ளர் கோதுமை மாவையும் சலித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். கட்டி உடைந்தால் போதும். இட்லி மாவுக்கு ஆட்டுகிற மாதிரி போட்டு அடித்தால் கேக் ரப்பராகிவிடும்.

நெய் தடவி மாவு தூவிய பாத்திரத்தில் பாதிக்குமேல் ஊற்றாதீர்கள். உப்பின்மேல் வைத்து மூடி, தீயைக் குறைத்து, 40 நிமிஷம் தட்டைத் திறக்கவே கூடாது. திறந்தால் நடுவில் குழி விழும். பிறகு சுத்தமான தென்னை ஈர்க்கு ஒன்றை நடுவில் குத்திப் பாருங்கள், மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். ஒட்டினால் இன்னும் பத்து நிமிஷம். கங்கு இல்லாததால் மேல்பக்கம் வெளுத்திருக்கும். ஆறியபின் கவிழ்த்து, சூடான தோசைக்கல்லில் அரை நிமிஷம் காட்டினால் நிறம் வந்துவிடும்.

கேக்கை எடுத்தபின் சட்டியை அடுப்பைவிட்டு நான் நகர்த்தவில்லை. தட்டைப் போட்டு மூடி, அதன்மேல் சிவப்புத் துணியை விரித்தேன். அது என் வழக்கம். அந்தத் துணி கிடந்தால் யாரும் தொடக் கூடாது என்று பேரனுக்குக்கூடத் தெரியும்.

தம்பி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே காற்று ஊளையிட்டது. அப்போதுதான் சொன்னேன்.

"டேய், அன்னைக்கு மணலைக் கொட்டினது அம்மா இல்லை. நான்தான்."

"தெரியும்க்கா. நீ கொட்டறதைப் பார்த்துட்டுத்தானே நான் வந்தேன். வீடு கட்டலாம்னு."

"பின்னே இத்தனை வருஷமா ஏன்டா கேட்கலே?"

"அம்மா சொல்லிட்டாங்க. அக்காகிட்ட இதைப் பத்திப் பேசவே கூடாதுன்னு."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் கத்தியை எடுத்துத் தானே ஒரு துண்டு வெட்டினான். தின்றான், இன்னொன்று வெட்டினான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மா கேக்குல ஏலக்காய் தூக்கலா இருக்கும்."

அன்று நான் போட்டது இரண்டு ஏலக்காய். மேலே நாலு என்று எழுதியிருப்பது அதனால்தான்.