கூரையில் சோலார், கையில் கணக்கு நோட்டு

"எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு வண்டியை எடுத்துக்கிட்டு மலைப்பக்கம் போயிடணும்!"

இன்றைக்கு இளம் ஜோடிகளிடம் அடிக்கடி கேட்கக்கூடிய வசனம் இது. கேம்பர் வண்டி, கூரையில் சோலார் பலகை, உள்ளே சின்னக் கட்டில், கேஸ் அடுப்பு. மின்கம்பி வேண்டாம், குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஓட்டல் வாடகை வேண்டாம். இதைத்தான் 'ஆஃப் கிரிட்' என்கிறார்கள். கேட்பதற்கு யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத வாழ்க்கை மாதிரி இருக்கும். உண்மை நேர்மாறானது. இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டிய வாழ்க்கை வேறு எதுவும் கிடையாது!

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கிழக்கு சியரா மலைத்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 395ஆம் எண் நெடுஞ்சாலையில் லோன் பைன் என்று ஒரு சிறிய ஊர். அதன் மேற்கே அலபாமா ஹில்ஸ் என்ற பாறைக்காடு. அதற்குப் பின்னால் சுவர் மாதிரி நிற்கிறது விட்னி சிகரம். உயரம் 14,505 அடி. அலாஸ்காவைத் தவிர்த்த அமெரிக்க மாநிலங்களில் இதைவிட உயரமான மலை இல்லை. கேம்பர் ஜோடிகளுக்கு இது கனவு இடம்.

அங்கே ஒரு கணவனும் மனைவியும் ஒரு வாரம் தங்கப் போவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் கணக்கு மின்சாரம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் கையிருப்பு 1,200 வாட்-மணி. அது பழைய ஈய-அமில பேட்டரியாக இருந்தால் பாதியைத்தான் எடுக்கலாம், மீறினால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆக 600. சின்ன ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 சாப்பிட்டுவிடும். விளக்கு, ஃபேன், செல்போன் எல்லாம் மிச்சத்தில். 1,500 வாட் ஹேர் டிரையரைப் பத்து நிமிடம் ஓட்டினால் 250 காலி! 200 வாட் சோலார் பலகைக்கு ஐந்து மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தால் ஏட்டுக் கணக்கில் 1,000 வரவு. நடைமுறையில் அதைவிடக் குறையும். இரண்டு நாள் மேகம் மூடினால் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது.

அடுத்தது தண்ணீர். 75 லிட்டர் தொட்டி. குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ ஆளுக்கு எட்டு லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் ஐந்தாம் நாள் தொட்டி காலி. மறுபடி ஊருக்குள் போய்த்தான் நிரப்ப வேண்டும். இந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் தண்ணீரை 1913இல் கால்வாய் வெட்டி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கொண்டுபோனது. ஓவன்ஸ் ஏரி வறண்டு புழுதிக்காடானது. நகரத்தில் குழாயைத் திறக்கிறவருக்கு இது தெரிவதில்லை. வண்டியில் 75 லிட்டரை அளந்து செலவழிக்கும் ஜோடிக்கு ஒரு லிட்டரின் விலை தெரியும்.

கேம்பர் வாழ்க்கையின் உண்மையான லாபம் இதுதான். அங்கே எடுக்கிற 'சூரிய உதய' போட்டோக்கள் எல்லாம் இரண்டாம்பட்சம்.

மூன்றாவது கணக்கு மலையில் வருகிறது. விட்னியின் பிரதான பாதையில் நினைத்தவுடன் ஏற முடியாது. மே 1 முதல் நவம்பர் 1 வரை ஒரு நாளைக்கு, ஒரே நாளில் ஏறி இறங்குபவர்கள் 100 பேர், இரவு தங்குபவர்கள் 60 பேர். அனுமதிச் சீட்டுக் குலுக்கலுக்குப் பிப்ரவரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். போய்வர 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர். ஏற்றம் மட்டும் 6,000 அடிக்கு மேல். உச்சியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான்.

13,000 அடியில் மனைவிக்குத் தலைவலி, குமட்டல். உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம். "இவ்ளோ தூரம் வந்துட்டோமே..." என்கிறார் கணவர். குலுக்கலில் கிடைத்த சீட்டு, போட்ட லீவு, கொட்டிய பணம் எல்லாம் கண் முன்னால் வந்து நிற்கின்றன.

வணிகவியல் பாடத்தில் இதற்குப் பெயர் மூழ்கிய செலவு. திரும்பி வராத செலவை வைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்பது முதல் வருடப் பாடம். தேர்வில் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். மலையில்தான் தோற்கிறார்கள். உயர நோய்க்கு நம்பகமான மருந்து கீழே இறங்குவதுதான். மேலே போகப் போக மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். "இறங்கலாம்" என்று ஒருவர் சொன்னதும் மற்றவர் முணுமுணுக்காமல் திரும்பினால், அந்த ஜோடி உச்சியைவிடப் பெரிய ஒன்றைத் தொட்டுவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

கடைசிக் கணக்கு, பலரும் எழுதாமல் விடுவது. வண்டி நிற்கிற நிலம் யாருடையது?

அமெரிக்க நில மேலாண்மைத் துறையிடம் சுமார் 24.5 கோடி ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. அந்த நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பெரும்பாலான இடங்களில் 28 நாட்களுக்குள் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். இலவசம் என்றால் என்ன ஆகும்? கூட்டம் பெருகியது. செடிகளை நசுக்கிப் புதுத் தடங்கள், பாறை இடுக்கில் மனிதக் கழிவு. அலபாமா ஹில்ஸ் 2019இல் தேசியக் காட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இப்போது அங்கே குறித்த இடங்களில், அனுமதியோடுதான் இரவு தங்க முடியும். விட்னி பாதையிலோ அவரவர் கழிவைப் பையில் கட்டி அவரவரே கீழே சுமந்து வர வேண்டும்!

பொதுச் சொத்து இப்படித்தான் அழியும் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார். அப்படி அழிந்தே தீர வேண்டியதில்லை என்று எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வந்த தன் புத்தகத்தில் பதில் சொன்னார். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர் (2009). அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று டோர்பெல் என்ற சுவிட்சர்லாந்து மலைக்கிராமம். குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ அத்தனை மாடுகளைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம் என்று 1517லேயே அங்கே விதி இருந்தது.

"சுதந்திரம் தேடித்தானே போகிறோம், அங்கேயும் சீட்டும் குலுக்கலுமா?" என்று சிலர் கோபப்படுகிறார்கள். கோபம் புரிகிறது. குலுக்கலில் பணக்காரர், ஏழை வித்தியாசம் இல்லை என்றாலும், பிப்ரவரியிலேயே லீவைத் திட்டமிட முடியாத தொழிலாளி பின்தங்கிவிடுகிறார் என்பதும் உண்மை. ஆனாலும் மாற்று என்ன? விதியே இல்லாவிட்டால் முதலில் வந்தவர் அனுபவிப்பார், பின்னால் வருகிறவர் குப்பையைப் பார்ப்பார். அதற்குப் பெயர் சுதந்திரம் இல்லை, கடன். வாங்கியவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர்.

மின்கம்பியைத் துண்டித்துக்கொண்டு யாரும் போகலாம். மற்ற மனிதர்களோடு இருக்கும் கணக்கைத் துண்டிக்க முடியாது. ஒரு வாரம் கழித்து வண்டி கிளம்பிய இடத்தில் டயர் தடம் தவிர ஒன்றும் மிச்சமில்லை என்றால் அந்த ஜோடியின் கணக்கு நேராகிவிட்டது.

மலைக்குக் கிளம்பும் நண்பர்களே, பையில் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருக்கட்டும்!