கேட்காதவருக்கு அட்டை வேண்டாமா?

நியூயார்க் நகரின் ஏழைகளுக்கான பயணச் சலுகை அட்டையைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரே வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. திட்டம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, தேவைப்பட்டவர்கள் வாங்கிவிட்டார்கள், இன்னும் தளர்த்தினால் வசதியுள்ளவர்கள் நுழைவார்கள், பொதுப்பணம் வீணாகும். கேட்க நிதானமான பேச்சு போலத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பகுதியைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் அது நிற்கவில்லை.

திட்டத்தின் பெயர் 'ஃபேர் ஃபேர்ஸ்'. 18 முதல் 64 வயது வரையுள்ள, வருமானம் குறைந்த நகரவாசிகளுக்குச் சுரங்க ரயிலிலும் பேருந்திலும் பாதிக் கட்டணம். நகர மன்றத் தலைவராக இருந்த கோரி ஜான்சன் விடாமல் வற்புறுத்தியதன் பேரில், 2018 ஜூனில் மேயர் பில் டி பிளாசியோ 106 மில்லியன் டாலர் ஒதுக்க இசைந்தார். 2019 ஜனவரியில் அட்டை வந்தது. ரயிலையும் பேருந்தையும் நடத்துவது மாநில அமைப்பான எம்.டி.ஏ.; தள்ளுபடியான பாதிக் கட்டணத்தை அந்த அமைப்புக்கு ஈடுகட்டுவது நகர நிர்வாகம்.

வேண்டியவர்கள் வாங்கிவிட்டார்கள் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். தகுதியுள்ளவர்களில் பாதிப் பேர்கூட இதில் சேரவில்லை. மீதிப் பேர் நடந்தா போகிறார்கள்? முழுக் கட்டணம் கொடுத்தோ கொடுக்காமலோ அதே ரயிலில்தான் போகிறார்கள். அவர்கள் ஏன் சேரவில்லை என்பதற்குத் திட்டத்தின் வரலாறே பதில் சொல்லும். தொடக்கத்தில் எல்லோரும் விண்ணப்பிக்க முடியவில்லை. முதலில் ரொக்க உதவி பெறுபவர்களில் ஒரு பகுதியினர், பிறகு 'ஸ்னாப்' என்னும் உணவு உதவி பெறுபவர்கள் என்று படிப்படியாகத்தான் கதவு திறந்தது. பொதுமக்கள் அனைவருக்கும் விண்ணப்பம் திறந்தது 2020 ஜனவரி 27. அடுத்த இரண்டே மாதங்களில் கொரோனா நகரை முடக்கிவிட்டது. திட்டத்தை நாலு பேரிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய காலம் அப்படியே போயிற்று.

அதன் பிறகும் அட்டை பெறுவது எளிதாக இல்லை. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் எத்தனை பேர் என்ற விவரம் எல்லாம் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு இது ஒரு மாலை நேர வேலை. உணவகத்தில் பாத்திரம் கழுவிக் கையில் காசு வாங்குபவர் சம்பளச் சீட்டுக்கு எங்கே போவார்? இந்த வாரம் 20 மணி நேரம், அடுத்த வாரம் 45 மணி நேரம் என்று வேலை பார்ப்பவர் எந்த மாத வருமானத்தை எழுதுவார்? ஏழ்மை கூடக் கூடக் காகிதம் குறையும். காகிதத்தை நிபந்தனையாக வைத்துவிட்டு, வராதவருக்குத் தேவையில்லை என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம்.

இதில் என்னால் பொறுக்க முடியாத ஒன்று உண்டு. ஸ்னாப் உதவியையும் ரொக்க உதவியையும் நகரில் நிர்வகிப்பது எந்தத் துறையோ, அதே சமூக சேவைத் துறைதான் இந்த அட்டையையும் வழங்குகிறது. அந்தக் குடும்பங்களின் வருமானத்தை அது ஏற்கெனவே சரிபார்த்துக் கோப்பில் வைத்திருக்கிறது. அப்படியிருக்க, அவர்களிடமே மறுபடி விண்ணப்பம் கேட்பானேன்? வேண்டாம் என்று மறுப்பவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அட்டையைத் தபாலில் அனுப்பிவிடலாம்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்கள் சியாட்டிலைப் பார்க்கலாம். அங்கே கிங் கவுன்டி 2015 மார்ச்சில் 'ஆர்கா லிஃப்ட்' என்ற சலுகை அட்டையைக் கொண்டுவந்தது. மருத்துவக் காப்பீட்டில் ஆட்களைச் சேர்த்துப் பழகிய பொதுச் சுகாதாரத் துறையிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மக்கள் வேறு வேலையாக வரும் இடத்திலேயே தகுதி பார்த்துக் கையில் அட்டையைக் கொடுத்தார்கள்.

இனி, வசதியுள்ளவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்ற பயம். அட்டைக்கான வருமான வரம்பு முதலில் மத்திய அரசின் வறுமைக் கோட்டில் 100 சதவீதமாக இருந்தது. பிறகு 120, அதன்பின் 145 என்று உயர்ந்தது. 145 என்றதும் தாராளமாகத் தோன்றலாம். 2025-ஆம் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தனி ஆளுக்கு வறுமைக் கோடு ஆண்டுக்கு 15,650 டாலர். அதில் 145 சதவீதம் ஏறக்குறைய 22,700. அதே ஆண்டில் நகரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். வாரம் 35 மணி நேரம், ஆண்டு முழுவதும் ஒரு வாரம்கூட விடாமல் உழைத்தால் 30,030 டாலர் வரும். அதாவது சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த கூலிக்கு முழுநேரம் உழைத்த தனி ஆளுக்கு அந்த ஆண்டில் இந்த அட்டை கிடையாது. வசதியுள்ளவர் என்று நாம் பயப்படும் ஆள் இவர்தானா?

இந்த வறுமைக் கோட்டின் பிறப்பையும் சொல்லியாக வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றிய மாலி ஒர்ஷான்ஸ்கி வகுத்த கணக்கு அது. அக்காலக் குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. அதனால் மிகச் சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கினார். இன்றுவரை விலைவாசிக்கேற்ப அதை உயர்த்தி வருகிறார்களே தவிர, அடிப்படை மாறவில்லை. இன்று குடும்பத்தை விழுங்குவது வீட்டு வாடகை. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனிக் கோடு உண்டு. நியூயார்க்குக்கும் மிசிசிப்பியின் சிற்றூருக்கும் ஒரே கோடு. இதை வைத்துப் பிராங்ஸில் வாடகைக்கு இருப்பவரின் நிலையை அளக்க முடியாது. சியாட்டில் 200 சதவீதம் என்று தொடங்கியது. பாஸ்டன் 2024-இல் அதே அளவை ஏற்றது. நியூயார்க் மட்டும் தயங்குகிறது.

முறைகேடு நடக்கும் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. 65 வயதானவர் எவரும் இதே ரயிலில் பாதிக் கட்டணத்தில் போகலாம். அவருக்கு எத்தனை கோடி சொத்து என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டாம், அது நல்ல ஏற்பாடு. அங்கே தெரியாத கசிவு, கூலித் தொழிலாளி வரும்போது மட்டும் எப்படிக் கண்ணில் படுகிறது?

பணம் வீணாகும் என்ற வாதத்துக்கு எம்.டி.ஏ.வே பதில் வைத்திருக்கிறது. கட்டணமும் சுங்கமும் செலுத்தாமல் போவதால் 2022-இல் 690 மில்லியன் டாலர் இழப்பு என்று அது அமைத்த குழு 2023 மே மாதம் மதிப்பிட்டது. வாயில்களைப் பலப்படுத்தச் சொன்ன அதே குழு, ஃபேர் ஃபேர்ஸ் வருமான வரம்பை 200 சதவீதமாக்கவும் பரிந்துரைத்தது. செலுத்தக்கூடிய விலை வைத்தால் செலுத்துவார்கள் என்பதை வருவாயைக் காக்க அமைத்த குழுவே உணர்ந்திருக்கிறது. நகரின் செலவு கூடும் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செலவுக்குப் பலன் உண்டு. பாஸ்டனில் ஸ்னாப் பெறும் பயணிகளிடம் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பாதிக் கட்டண அட்டையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி, அவர்களின் பயணம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடியது. கூடிய பயணங்களில் மருத்துவமனைக்கும் சேவை மையங்களுக்கும் போனவை கணிசம். கட்டணத்துக்குப் பயந்து டாக்டரிடம் போகாமல் இருந்தவர்கள் போனார்கள் என்பதுதான் இதன் பொருள்.

பேருந்தே இலவசமாகப் போகிறது, இனி அட்டை எதற்கு என்பது புதிதாகக் கிளம்பியிருக்கும் பேச்சு. இலவசப் பேருந்தை வாக்குறுதியாகத் தந்து ஜோரான் மம்தானி 2025 நவம்பரில் மேயர் தேர்தலை வென்றதால் வந்தது. அது நடந்தால் மகிழ்ச்சியே. ஆனால் நகரின் பெரும்பகுதிப் பயணம் சுரங்க ரயிலில். 2026 ஜனவரி முதல் ஒரு பயணத்துக்கு அங்கே 3 டாலர். அட்டையின் தேவை அப்படியேதான் இருக்கும்.

நகரின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்குள் மேயரும் நகர மன்றமும் பட்ஜெட்டில் உடன்பட்டாக வேண்டும். அந்தப் பேச்சில் மூன்று முடிவுகளை எடுக்கச் சொல்லி மன்ற உறுப்பினர்களை வற்புறுத்த வேண்டும்: உதவி பெறும் குடும்பங்களுக்கு விண்ணப்பமின்றி அட்டை, வரம்பு 200 சதவீதம், புதுப்பித்தல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் புதிய அலுவலகம் எதுவும் திறக்க வேண்டியதில்லை. இரண்டாவதற்குப் பணம் வேண்டும், அதை ஒதுக்குங்கள்.