ஒரு சொல் நுழைந்தது. ஒன்பது சொற்கள் வெளியேறின!

பேருந்தில் ஏறினால் சார்ச்சு. கைப்பேசியைச் சுவரில் மாட்டினால் சார்ச்சு. அலுவலகத்தில் மேலிருப்பவர் இன்சார்ச்சு. பொற்கொல்லர் கேட்பது மேக்கிங் சார்ச்சு. மூட்டை தூக்குவோர் கேட்பது லோடிங் சார்ச்சு. வண்டிக்காரர் கேட்பது வண்டிச் சார்ச்சு. காவலர் தடியெடுத்தால் லத்திச் சார்ச்சு. வழக்குமன்றத்தில் படிக்கப்பெறுவதும் சார்ச்சு. அறிவியல் வகுப்பில் கரும்பலகையில் எழுதப்பெறுவதும் அதுவே. காலை எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை தமிழன் நாவில் இந்த ஒற்றைச் சொல்லே புரள்கின்றது!

இவ்வொருசொல்லை அரியணை ஏற்றுதற்காக இருக்கையினின்று எழுப்பி விரட்டப்பெற்ற தமிழ்ச்சொற்கள் எத்தனை என எண்ணிப் பார்த்தவர் உண்டா? கட்டணம், மின்னேற்றம், பொறுப்பு, செய்கூலி, ஏற்றுகூலி, வண்டிக்கூலி, தடியடி, குற்றச்சாட்டு, மின்னூட்டம் என ஒன்பது சொற்கள்! ஒவ்வொன்றும் தன் பொருளைத் தானே உரைத்து நிற்பது. செய்தற்குக் கூலி செய்கூலி. ஏற்றுதற்குக் கூலி ஏற்றுகூலி. தடியால் அடிப்பது தடியடி. இவற்றுக்கு உரையும் வேண்டா, அகரமுதலியும் வேண்டா. எழுத்தறியாத உழவனும் கேட்ட அளவிலேயே உணர்வான்.

“ஒரே சொல்லால் இத்தனை பொருளையும் உணர்த்தும் ஆற்றல் ஆங்கிலத்திற்கே உண்டு; சார்ச்சு என்பதற்கு நிகரான ஒரு தமிழ்ச்சொல்லைக் காட்டுங்கள் பார்ப்போம்” என்று அறைகூவும் அரைகுறை ஆங்கிலப் படிப்பாளர் பலர். அவர்தம் அறைகூவலில் இரண்டு பிழைகள் உள. ஒன்று, ஆங்கிலத்தை அறியாமை. மற்றொன்று, தமிழை அறியாமை.

முதற்கண் ஆங்கிலத்தைப் பார்ப்போம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்மை ஆங்கிலத்தில் மிகுதியே. 1989-இல் 20 மடலங்களாக வெளிவந்த ஆக்சுபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவைப் பெற்றது ‘செட்’ என்னும் குறுஞ்சொல்லே. நானூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் அதற்குக் காட்டப்பெற்றுள்ளன. ஆயின், ஆங்கிலேயர் அவ்வொருசொல்லைக் கொண்டு பிற சொற்களைக் கொன்றாரில்லை. பேருந்தில் செல்லத் தரும் தொகை அவர்க்கு ‘ஃபேர்’; மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் தருவது ‘ஃபீ’; பாலத்தைக் கடக்கத் தருவது ‘டோல்’; குடியிருக்கும் வீட்டிற்குத் தருவது ‘ரென்ட்’. பேருந்துக் கட்டணத்தைச் சார்ச்சு என்பது இங்குள்ளோர் வழக்கே அன்றி ஆங்கிலேயர் வழக்கன்று! கட்டணம் என்னும் தமிழையும் இழந்து, ஆங்கிலத்தையும் அடையாது, இடையில் தொங்குவதற்கா இத்தனை பெருமிதம்? லத்திச் சார்ச்சில் முன்பாதி ஆங்கிலமும் அன்று, தமிழும் அன்று, வடநாட்டுச் சொல்.

இனித் தமிழைப் பார்ப்போம். பலபொருள் ஒருசொல்லும் ஒருபொருட் பன்மொழியும் தமிழுக்குப் புதியன அல்ல. இவ்விருவகையையும் தொல்காப்பியம் வகுத்துக் காட்டியுள்ளது. திவாகர நிகண்டு ஒருசொல் பல்பொருளுக்கெனத் தனித்தொகுதியே வைத்துள்ளது. ‘அடி’ என்னும் ஈரெழுத்துச் சொல்லைக் காண்க: காலின் அடி, மரத்தின் அடி, பாட்டின் அடி, அளவுகோலின் அடி, கையால் அடிக்கும் அடி! ஆங்கிலேயன் இந்த ‘அடி’யைக் கடன் வாங்கிப் போய், இப்பொருள்களுக்குரிய தன் சொற்களையெல்லாம் தெருவில் எறிவானா? எறியான். எறிந்தால் அவனை அவன் நாட்டாரே எள்ளி நகையாடுவர். அவன் செய்யாத பேதைமையைத் தமிழன் நாள்தோறும் செய்கின்றான்.

பலபொருள் ஒருசொல்லை வழங்கும் முறையையும் தொல்காப்பியம் விட்டுவைக்கவில்லை. வினையால் பொருள் விளங்கினால் அவ்வாறே வழங்கலாம். விளங்காதவிடத்து இன்னதெனத் தெரித்துக் கூறல் வேண்டும் என்பது அதன் நெறி. ‘மா பூத்தது’ என்றால் மரம் என்பது தெளிவு. ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமோ விலங்கோ என ஐயம் எழும். ஆங்கு ‘மாமரம் வீழ்ந்தது’ எனல் வேண்டும். பொருள் மயங்கலாகாது என்பதற்காக இலக்கணம் வகுத்த இனம், பொருளை மயக்குவதற்காகவே ஒரு சொல்லைக் கடன் வாங்கி அலைகின்றதே!

அச்சொல்லின் பிறப்பையும் ஆராய்தல் தகும். இலத்தீனில் ‘கார்ரசு’ என்பது வண்டி. அதன் வழியே, வண்டியில் சுமை ஏற்றுதல் என்னும் பொருளில் ஒரு வினைச்சொல் கிளைத்துப் பிரஞ்சில் வழங்கிற்று. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆங்கிலத்திற் புகுந்த பிரஞ்சுச் சொற்களுள் அதுவும் ஒன்று. ஒருவன்மேல் ஏற்றிய கடமையும், அவன்மேல் ஏற்றிய பழியும், பொருள்மேல் ஏற்றிய தொகையும், துமுக்கியில் இட்ட வெடிமருந்தும், பின்னாளில் மின்கலத்தில் ஏற்றிய மின்னும் அவ்வொரு பெயரையே பெற்றன. சுமை என்பதே அதன் வேர்ப்பொருள்.

இவ்வேர்ப்பொருள் தமிழுக்கு எட்டாததா? பொறுத்தல் என்பது சுமத்தல். அதனினின்று பிறந்ததே பொறுப்பு. குற்றத்தைச் ‘சுமத்துதல்’ என்பது நாட்டுப்புறத்தானும் கூறும் வழக்கு. வண்டியில் மூட்டையை ஏற்றுதல் போல மின்கலத்தில் மின்னை ஏற்றுதல் மின்னேற்றம். ஈழத்துப் பாடநூல்கள் அச்சொல்லையே ஆளுகின்றன. பிரஞ்சும் ஆங்கிலமும் எவ்வழியில் எண்ணினவோ, அவ்வழியில் தமிழும் தானே எண்ணித் தன் வேரினின்றே சொற்களை ஈன்றுள்ளது! ‘பொறுப்பு’ என்னும்போது ‘பொறு’ என்னும் வேர் தமிழ்க்குழந்தைக்குக் கண்முன் தோன்றும். ‘இன்சார்ச்சு’ என்னும்போது என்ன தோன்றும்? ஓர் ஒலி தோன்றும்; அவ்வளவே.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. எளியவன் உயிரையும் உரிமையையும் தொடும் செய்தி. குற்றம் சாட்டப்பெற்றவனுக்கு அக்குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி விளக்குதல் வேண்டும் என 1973-ஆம் ஆண்டுக் குற்றவழக்கு நடைமுறைச் சட்டம் விதித்தது. 2024-இல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த சட்டமும் அவ்வாறே விதிக்கின்றது. தன்மேல் சுமத்தப்பெற்றது யாது என அறியாதவன் எங்ஙனம் மறுமொழி கூறுவான்? ஆங்கிலேயர் இதனை 1362-இலேயே உணர்ந்தனர். வழக்குமன்றத்துப் பிரஞ்சு மக்களுக்கு விளங்கவில்லை என்னும் கரணியத்தால், வழக்காடல் ஆங்கிலத்திலேயே நிகழ்தல் வேண்டும் என மூன்றாம் எட்வர்டு காலத்தில் சட்டம் செய்தனர். இங்கோ, சென்னை உயர்முறை மன்றத்தில் தமிழுக்கு இடம் வேண்டுமெனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றியும் அது இன்னும் கைகூடவில்லை. மன்றம் தமிழை ஏற்கவில்லை எனக் குமுறும் தமிழன், தன் வாய் தமிழை ஏற்கின்றதா என்பதையும் எண்ணுதல் வேண்டாவா?

“பழகிவிட்டது; இனி மாற்றவியலாது” என்பது சோம்பர் கூற்று. மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ்க் கொள்கையை முன்வைத்தபோதும் இதையே கூறினர். அன்று மேடைதோறும் அக்கிராசனர் வீற்றிருந்தார். காரியதரிசி அறிக்கை படித்தார். அபேட்சகர் வாக்குக் கேட்டார். வந்தனோபசாரத்துடன் கூட்டம் கலைந்தது. இன்று அவ்விடங்களில் தலைவரும் செயலாளரும் வேட்பாளரும் நன்றியுரையும் நிற்கவில்லையா? மாற்றியவர் வானினின்று இறங்கி வந்தவரல்லர். நாள்தோறும் நாணாது தமிழைச் சொன்ன எளிய மாந்தரே.

ஆதலின், பேருந்தில் கட்டணம் என்க. நகைக்கடையில் செய்கூலி என்க. கைப்பேசிக்கு மின்னேற்றுக. அலுவலகப் பலகையில் பொறுப்பாளர் என எழுதுக. அடித்தவனைத் தடியடி நடத்தினான் என்றே கூறுக; அடியின் வலி அப்போதுதான் சொல்லிலும் தெரியும். ஒன்பது சொற்களும் இன்னும் இறந்துபடவில்லை. வாயிற்புறத்தே காத்து நிற்கின்றன. அழைத்தால் வரும், அழையாவிடின் தமிழன் வீட்டில் தமிழன் பெயரே எஞ்சும், தமிழ் எஞ்சாது!