குறுக்கே போகிறவர்கள்

நான்குவழிச் சாலைகள் வந்தபிறகு சுமைதாங்கிக் கல்லைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. நட்டுவைத்த இரண்டு கற்கள், அவற்றின் மேல் குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கைகொடுக்காமலே சுமையை இறக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் நட்டது. அவளால் இறக்க முடியாமல் போன பாரத்துக்காக, வழியில் வருகிற எவருடைய பாரத்தையும் அந்தக் கல் வாங்கிக்கொண்டது. பொறியியல், கலை, துக்கம் மூன்றும் அதில் ஒன்றாக நின்றன. வருங்கால நெடுஞ்சாலை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கல்தான் நம் நினைவுக்கு வருகிறது.

எதிர்காலம் என்று உலகம் காட்சிக்கு வைத்த சாலைகள் வேறு மாதிரி. 2014இல் நெதர்லாந்தின் ஓஸ் நகரருகே, பகல் வெளிச்சத்தைக் குடித்து இரவில் பச்சையாக ஒளிரும் கோடுகளை அரை கிலோமீட்டர் தூரத்துக்குப் போட்டார்கள். டான் ரோஸ்கார்ட என்ற கலைஞரின் யோசனை. படங்கள் உலகம் முழுக்கப் பரவின. சில வாரங்களிலேயே மழை ஈரத்தில் கோடுகள் மங்கின. 2016 டிசம்பரில் பிரான்சின் நார்மண்டியில், டூருவ்ர் என்ற சிற்றூரில் ஒரு கிலோமீட்டர் சாலைக்குச் சூரியத் தகடு பதித்தார்கள். செலவு 50 லட்சம் யூரோ. டிராக்டர்களின் கனத்தில் தகடுகள் நொறுங்கின. உதிர்ந்த இலைகள் மேலே படிந்து வெயிலை மறைத்தன. வண்டி போனால் எழுந்த இரைச்சலில் வேக வரம்பையே குறைக்க வேண்டியிருந்தது. சோதனைகள் தோற்பது குற்றமில்லை. ஆனால் அந்த வழியில் டிராக்டர் ஓடும், மரம் இலை உதிர்க்கும் என்பது அவ்வூரில் எவருக்கும் தெரிந்த சேதி.

மதுரையில் நடந்தது இப்படிப் பளபளக்கவில்லை. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், குப்பையில் கிடந்த பிளாஸ்டிக்கைத் துண்டுதுண்டாக்கி, சூடேற்றிய ஜல்லியின் மேல் தூவினார். உருகிய பிளாஸ்டிக் ஜல்லியைப் போர்த்தியது. தார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கல்லூரி வளாகத்துக்குள் போட்ட சாலையில் தொடங்கிய வழிமுறை 2006இல் காப்புரிமை பெற்றது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ. தேயும் சாலையிலிருந்து நுண்துகள்கள் மண்ணில் சேருமா என்ற கேள்வியை இனியும் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனாலும் அந்த வேலை கையிலிருந்த குப்பையையும் காலடியிலிருந்த ஜல்லியையும் பார்த்துத் தொடங்கியது.

நெடுஞ்சாலையைப் பற்றிய கணக்குகள் எல்லாமே நீளவாக்கில் போடப்படுகின்றன: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், எத்தனை சுங்கச்சாவடி. குறுக்குவாக்கில் போடப்பட்ட கணக்குகள் சிலவே. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவை வெட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் இரு பக்கமும் வேலியிட்டு, விலங்குகள் கடக்க மேலே 6 பாலங்களும் கீழே 38 வழிகளும் அமைத்தார்கள். பாலத்தின் மேல் மண் கொட்டி மரமும் புல்லும் வளர்த்தார்கள். கிரிஸ்லி கரடிகள் அதை நம்பிக் கால்வைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. வாகனங்களில் விலங்குகள் அடிபடுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

நம் நாட்டிலும் அப்படிக் குறுக்குவாக்கில் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை, சூழல் ஆர்வலர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 9 இடங்களில் தூக்கிக் கட்டினார்கள். 2019இல் அவற்றின் கீழ் இந்தியக் கானுயிர் நிறுவனம் வைத்த தானியங்கிக் கேமராக்களில் 18 வகைக் காட்டுயிர்கள் பதிவாயின. 11 புலிகள் 89 முறை கடந்திருந்தன.

கலை என்றால் சாலையோரத்தில் அழகுக்கு ஒரு சிலை என்று நெடுஞ்சாலைத் துறைகள் நினைக்கின்றன. இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் ஏ1 சாலையை ஒட்டி 1998இல் ஆண்டனி கோர்ம்லி நிறுத்திய ‘வடக்கின் தேவதை’யும் ஒரு சிலைதான். 20 மீட்டர் உயரம், 54 மீட்டருக்கு விரிந்த எஃகுச் சிறகு. ஆனால் அது நிற்பது பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை முடிந்து குளித்த இடத்தின் மேல். வேகமாகப் போகிறவர்களுக்கு, இந்த மண்ணுக்கடியில் மனிதர்கள் உழைத்தார்கள் என்று அது சொல்கிறது. நம் சுமைதாங்கிக்குத் தூரத்து உறவு.

பெஞ்சில் புலிக்கு உயர்ந்து வழிவிட்ட அதே 44ஆம் எண் சாலைதான் சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரைக்கும் வருகிறது. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வயல் என்று அது பிளந்துபோட்ட ஊர்கள் உண்டு. சுரங்கப்பாதை தொலைவில் இருக்கிறது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கிறது. புல்லுக்கட்டைத் தலையில் வைத்தபடி ஒரு பெண் சென்டர் மீடியனில் ஏறி நிற்கிறாள். இரண்டு பக்கமும் பார்க்கிறாள். கட்டை இறக்கிவைக்க அங்கே கல் இல்லை. இறக்கினால் ஏற்றிவிட ஆளும் இல்லை. அடுத்த சாலைக்கு வரைபடம் போடுகிறவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: முதல் கோட்டை அவள் நடக்கிற திசையில் போடுங்கள். வண்டிகளுக்கான கோடுகளை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.