அன்னாசிக் கோழியும் அதிரசப் பாகும்



புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். சமையல் குறிப்புக் கேட்டு வருகிற கடிதங்கள் சாதாரணமாக நாலு வரிதான் இருக்கும். இது நாலு பக்கம்! மூன்றேமுக்கால் பக்கம் வீட்டு விஷயத்தை எழுதிவிட்டு, கடைசிக் கால் பக்கத்தில்தான் கோழிக்கு வந்திருந்தார்.

விஷயம் இதுதான். மகன் பாரிஸில் உத்தியோகம் பார்க்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கேயே ஒரு பிரெஞ்சுப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். தாயும் தகப்பனும் மனத்தைத் தேற்றிக்கொண்டுவிட்டார்கள். எண்பது வயதான மாமியார் மட்டும் தேறவில்லை. பேரன் போனில் முகம் காட்டிப் பேசினால் ஆசையாகப் பேசுவார். பக்கத்தில் அந்தப் பெண் வந்து நின்றாளோ, "அடுப்பிலே பால் பொங்குது" என்று எழுந்து போய்விடுவார். இப்போது அவள் முதன்முதலாகப் புக்ககத்துக்கு வருகிறாள்.

"அக்கா! அவளுக்குக் காரம் ஆகாது. அன்னாசிப் பழத்தோடு கோழியைச் சுட்டுச் சாப்பிடப் பிடிக்குமாம். மாமியாரோ, 'கறியிலே இனிப்பா?' என்று முகத்தைச் சுளிக்கிறார். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே பதார்த்தத்தைச் சாப்பிட வேண்டும். வழி சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார்.

புதுச்சேரியில் இது அபூர்வமான கதை அல்ல. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை நம்மிடம் ஒப்படைத்தார்கள். சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி நடந்தது. விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. பலர் எழுதிக் கொடுத்தார்கள். அதனால் அண்ணன் இங்கே, தம்பி பாரிஸில் என்று இருக்கிற குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனையோ! மாமியாரும் மருமகளும் ஒரு பாஷையில் பேச முடியாத வீடுகளும் உண்டு. அங்கேயெல்லாம் சமையற்கட்டுத்தான் மொழிபெயர்ப்பாளர்.

முதலில் மாமியாரின் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மீன் குழம்பில் மாங்காய் போடாத புதுச்சேரி வீடு உண்டா? நெத்திலியும் மாங்காயும் சேரலாம், கோழியும் அன்னாசியும் மட்டும் சேரக்கூடாதா? பிரெஞ்சுக்காரர்களும் வாத்துக் கறியை ஆரஞ்சுப் பழச் சாற்றில் சமைக்கிறார்கள். ஆக, இரண்டு வீட்டு வழக்கத்துக்கும் இது விரோதமில்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அன்னாசி நம் நாட்டுப் பழமே அல்ல. தென் அமெரிக்காப் பழம். 1493-இல் கொலம்பஸ் குவாதலூப் தீவில் அதைக் கண்டார். பிறகு போர்ச்சுக்கீசியர் அதை 16-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பழத்தோடு பேரும் கப்பலேறி வந்தது. நாம் அன்னாசி என்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் அனனாஸ் என்கிறார்கள். அதே குவாதலூப் தீவுக்குத்தான், 1854 முதல், புதுச்சேரி காரைக்கால் துறைமுகங்களிலிருந்து நம் ஜனங்களைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேற்றினார்கள். மல்லி, மஞ்சள், கடுகு, வெந்தயம் சேர்த்து அரைத்த மசாலாவில் அங்கே இன்றைக்கும் கோழி சமைக்கிறார்கள். ஆகையால் அன்னாசியையும் கோழியையும் சேர்ப்பதில் புதுமை ஒன்றுமில்லை. பழைய உறவுதான்!

சரி, செய்முறைக்கு வருவோம். அதற்கு முன் என் மானம் போன கதையைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான புதிதில், வீட்டுக்காரரின் சிநேகிதர்கள் நாலு பேர் விருந்துக்கு வந்தார்கள். பழச் சாறு நன்றாக ஊறட்டும் என்று முதல் நாள் ராத்திரியே கோழியைப் பச்சை அன்னாசிச் சாற்றில் போட்டு வைத்தேன். காலையில் எடுத்தால், கறி கையோடு வந்தது. தொட்ட இடமெல்லாம் களி! போதாததற்கு, நெருப்பில் வைக்கும் முன்பே வெல்லப் பாகை அள்ளிப் பூசினேன். பத்து நிமிஷத்தில் மேலே கரிக்கட்டை, உள்ளே பச்சை ரத்தம். அன்று விருந்தாளிகள் ரொட்டியும் ஆம்லெட்டும் சாப்பிட்டுப் போனார்கள். என் மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை!

என் தப்பு என்ன என்று பின்னால்தான் புரிந்தது. பச்சை அன்னாசியில் ப்ரோமெலைன் என்ற சத்து இருக்கிறது. அது இறைச்சியின் புரதத்தை அறுத்துக் கரைக்கும். முற்றல் ஆட்டுக்கறி வேக நாம் ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே மாதிரி வேலை. அரை மணி நேரம் ஊறினால் நல்லது. ராத்திரி முழுவதும் ஊறினால் நாசம். ஆனால் சாற்றைக் கொதிக்க வைத்துவிட்டால் அந்தச் சக்தி அடங்கிவிடும். வெல்லத்தின் குணமும் அப்படித்தான். சர்க்கரைச் சத்து, கறி வேகுமுன் கருகிவிடும். ஆகவே, பழச்சாற்றைக் காய்ச்சித்தான் சேர்க்க வேண்டும்; இனிப்பைக் கடைசியில்தான் பூச வேண்டும். இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் மற்றதெல்லாம் சுலபம்.

ஆறு பேருக்குத் தேவையான சாமான்கள்:

தொடையும் காலும் சேர்ந்த கோழித் துண்டு, தோலோடு, 6 (ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ). இஞ்சி பூண்டு விழுது 2 மேஜைக் கரண்டி. மிளகுத் தூள் 2 தேக்கரண்டி. மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி. உப்பு இரண்டரைத் தேக்கரண்டி. எலுமிச்சம் பழம் 1. நல்லெண்ணெய் 2 மேஜைக் கரண்டி.

பாகுக்கு: பெரிய அன்னாசிப் பழம் 1. வெல்லம் 100 கிராம். தாளிப்பு வடகம் பொடித்தது 1 தேக்கரண்டி. வெண்ணெய் 1 மேஜைக் கரண்டி. மிளகாய்த் தூள் அரைத் தேக்கரண்டி. வினிகர் 1 மேஜைக் கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி.

பழத்தைப் பார்த்து வாங்குங்கள். அன்னாசி, செடியிலிருந்து பறித்த பிறகு நிறம் மாறுமே தவிர இனிப்பு ஏறாது. வீட்டில் வைத்துப் பழுக்க விடலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். பெரிய மார்க்கெட்டில் நின்று, பழத்தின் அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். வாசனை வர வேண்டும். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும்.

தாளிப்பு வடகம் எதற்கு என்று கேட்பீர்கள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து வெயிலில் காய வைக்கும் அந்த உருண்டையிலேதான் வெறும் இனிப்பை அடக்குகிற கைப்பும் மணமும் இருக்கின்றன. பிரெஞ்சுச் சமையல்காரர்கள் இதைப் பார்த்துத்தான் 'வதூவான்' என்று ஒரு மசாலாவே செய்துகொண்டார்கள். அந்தப் பெண் அதை அங்கே கடையில் பார்த்திருந்தாலும் இருப்பாள்!

கோழித் துண்டுகளில் எலும்பு வரை இரண்டு கீறல் போட்டு, உப்பு முதல் எண்ணெய் வரை உள்ளதைத் தடவி, மூடி, நாலு மணி நேரம் ஃப்ரிஜில் வையுங்கள். அன்னாசிச் சாற்றை இதில் சேர்க்காதீர்கள்.

பழத்தைத் தோல் சீவி, கண் நீக்கி, பாதியை விரல் கனத்தில் ஆறு வட்டமாக நறுக்குங்கள். மறு பாதியை அரைத்து வடிகட்டினால் ஒன்றரைத் தம்ளர் சாறு வரும். வாணலியில் வெண்ணெயை உருக்கி வடகத்தைச் சிவக்க வறுத்து, சாற்றை விட்டுக் கொதிக்க விடுங்கள். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். மிளகாய்த் தூள், உப்பு, வினிகர் சேர்த்து, பாதிக்கு மேல் சுண்டும் வரை கிளறுங்கள். தேன் மாதிரி கரண்டியின் முதுகில் ஒட்டினால் இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதத்துக்கு விட்டால் ஆறியதும் கல்லாகிவிடும்.

மொட்டை மாடியிலோ முற்றத்திலோ குமுட்டி அடுப்பை மூட்டுங்கள். கதவைச் சாத்திய அறைக்குள் கரி நெருப்பு வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வருகிற வாயுவுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும். கரி நன்றாகக் கனன்று மேலே சாம்பல் பூத்ததும், எல்லாவற்றையும் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். மேலே கம்பி வலையைப் போட்டு, கரி இல்லாத பக்கத்தில் கோழியை வைத்து, பெரிய அலுமினியப் பாத்திரத்தால் கொஞ்சம் சந்து விட்டு மூடுங்கள். அவ்வப்போது திருப்பிவிட வேண்டும். நாற்பது நிமிஷம் ஆகும். நெருப்பின் போக்கைப் பார்த்துக் கூடும், குறையும்.

வெந்த பிறகுதான் பாகு. கோழியை நெருப்புப் பக்கம் நகர்த்தி, புதுப் பிரஷ்ஷால் ஒரு பூச்சு. இரண்டு நிமிஷம் கழித்துத் திருப்பி இன்னொரு பூச்சு. இப்படி மூன்று தடவை. பளபளவென்று தேக்கு மேஜை மாதிரி மினுங்கும். கூடவே அன்னாசி வட்டங்களையும் இரண்டிரண்டு நிமிஷம் சுட்டு எடுங்கள். கோழியைப் பத்து நிமிஷம் ஆற விட்டுப் பரிமாறுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பாகின் நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று ஏமாறாதீர்கள். பூசுமுன்பே, தொடையின் கனத்த இடத்தில், எலும்பில் படாமல், சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 74 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாதவர்கள் எலும்போரம் கீறிப் பார்க்கலாம். சதை ரோஜா நிறமாக இருந்தால் இன்னும் வேக வேண்டும். பச்சைக் கோழி ஊறிய தண்ணீரைப் பாகில் ஊற்றாதீர்கள். அந்தத் தட்டிலேயே வெந்த கறியை எடுத்து வைக்காதீர்கள்.

குமுட்டி இல்லாதவர்கள் மின்சார அவனில் 200 டிகிரியில் நாற்பது நிமிஷம் வைத்து, கடைசிப் பத்து நிமிஷத்தில் பாகைப் பூசலாம். சைவச் சகோதரிகள் கோபிக்க வேண்டாம். வேகவைத்த சேனைக் கிழங்கைத் தடிமனாக நறுக்கி இதே பாகைப் பூசிச் சுட்டுப் பாருங்கள். கோழிக்காரர்கள் உங்கள் தட்டை எட்டிப் பார்ப்பார்கள்!

இதையெல்லாம் அந்த வாசகிக்குத் தபாலில் எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "நீங்கள் சமைக்காதீர்கள். அதிரசப் பாகு காய்ச்சித் தேர்ந்த கை உங்கள் மாமியாருக்கு இருக்கும். பாகு அவர் பொறுப்பு. பிரஷ்ஷை மருமகள் கையில் கொடுங்கள்."

போன வாரம் பதில் வந்தது. மாமியார் முதலில், "எனக்கென்ன வேலை?" என்றாராம். மருமகள்காரி பாகை வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீராக விட்டிருக்கிறார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கிழவி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாராம்! பிறகு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண் ஆசை தாங்காமல், கோழி வேகுமுன்பே பிரஷ்ஷைப் பாகில் தோய்த்துவிட்டாள். "இரு, இரு! இப்ப வேணாம், கருகிடும்!" என்று கையை நீட்டித் தடுத்திருக்கிறார் ஆயா. இரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பாஷை தெரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு பூச்சுக்கும் ஆயாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பூசினாளாம்.

மேஜையில் அவளுக்கு நீளமான பிரெஞ்சு ரொட்டி, ஆயாவுக்குச் சோறும் ரசமும். கோழி மட்டும் பொது. "வெல்லம் தூக்கல்" என்றாராம் ஆயா, தாம் காய்ச்சிய பாகைத் தாமே! ஆனால் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கியிருக்கிறார். சுட்ட பழத்தைக் காட்டி "அன்னாசி" என்றாராம். அவள் "அனனாஸ்" என்றாளாம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்களாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்த வாசகி எழுதவில்லை. பதிவுத் திருமணம் என்ற பேச்சு வந்தால் கிழவிக்கு இன்னும் கண் கலங்குகிறதாம். ஆனால் அவர்கள் பாரிஸ் திரும்பிய பிறகு மூன்று தடவை போன் வந்ததாம். மூன்று தடவையும் அடுப்பில் பால் பொங்கவில்லையாம்.

சொல்ல மறந்துவிட்டேனே: பாகு மிஞ்சினால் கோழியில் பட்ட பிரஷ் படாததாகப் பார்த்து, கண்ணாடிச் சீசாவில் ஊற்றி ஃப்ரிஜில் வையுங்கள். ஒரு வாரம் கெடாது. மறுநாள் தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் குழந்தைகள் சண்டை போடுவார்கள்.